நான்காம் ஓலை

மூன்றாம் தடவை என் பெயர் வாசிக்கப்பட்டபோது நான் பாடகர் குழுவின் முன்வரிசையில், ஒலிவாங்கிக்குப் பின்னால் நின்று, மனதுக்குள் ஒரு பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மண்டபத்துக்கு மேலதிகக் கதிரைகள். அப்பாவுக்குச் சப்பாத்து. தங்கச்சியின் சட்டைக்கு இன்னும் கொக்கி வைக்கவில்லை. கேக் மேசை யன்னல் பக்கமா, மேடைப் பக்கமா என்று முடிவாகவில்லை. கலியாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

எங்கள் கரையோரக் கத்தோலிக்கப் பங்குகளில் ஒரு கலியாணத்துக்கு முன்னர் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாரின் மகனும் இன்னாரின் மகளும் மணமுடிக்க இருக்கிறார்கள், இதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தைக்கு, எங்கள் பேச்சில் சுவாமிக்கு, அறிவிக்கவேண்டும் என்று. இப்போது வாசிப்பது கணினியில் அச்சடித்த தாள். ஆனாலும் அது ஓலைதான். மாப்பிள்ளை வேறு பங்கைச் சேர்ந்தவர் என்றால் அங்கும் அதே மூன்று ஞாயிறும் வாசிப்பார்கள். தங்கள் ஓலை வாசிக்கும் நாட்களில் பெண்கள் வெட்கப்பட்டு வேறு பூசைக்குப் போய்விடுவது வழக்கம். எனக்கு அந்த வசதி இருக்கவில்லை. பாட்டின் முதல் வரியை எடுத்துக் கொடுப்பவள் நான். நான் எடுத்தால்தான் சனம் தொடரும்.

நற்கருணைக்குப் பிறகு அறிவித்தல்கள். கோயில் காரியங்களைப் பார்க்கும் எங்கள் பங்கின் மூப்பர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, என் பெயரையும் மாப்பிள்ளையின் பெயரையும் வாசித்தார். "இது மூன்றாம் ஓலை" என்றார். முன்வாங்கில் இருந்த பெண்கள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு இறுதிப் பாடல். மாதா பாட்டு. அன்றைக்கு நான் மிக நன்றாகப் பாடினேன். இன்றுவரை என்னால் ஒத்துக்கொள்ள முடியாமல் இருப்பது அதுதான்.

பூசை முடிந்து முற்றத்துக்கு வந்தபோது, எங்களோடு பாடும் அன்ரி ஒருவர் என் கையைப் பிடித்து வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போனார். அவருடைய தங்கை வாழ்க்கைப்பட்டிருப்பது மாப்பிள்ளையின் பங்கில்.

"பிள்ளை, ஒண்டு கேக்கலாமோ? குறை நினைக்காதை."

"கேளுங்கோ அன்ரி."

"கலியாணத்தைத் தள்ளி வைச்சிட்டியளோ?"

"இல்லையே. இப்பதானே மூண்டாம் ஓலை வாசிச்சவர்."

"அதுதான் எனக்கும் விளங்கேல்ல. அங்கை முதல் ஓலையோடை நிண்டிட்டுதாம். போன ஞாயிறும் வாசிக்கேல்லயாம், இண்டைக்குக் காலமைப் பூசையிலையும் வாசிக்கேல்லயாம். தங்கச்சி இப்பதான் போன் எடுத்தவள்."

"மறந்து போயிருப்பினம்."

"ரெண்டு கிழமையுமோ?" அன்ரி என் முகத்தைப் பார்க்காமல் செபமாலையைப் பைக்குள் வைத்தார். "மாப்பிள்ளைதான் போய்ச் சுவாமியிட்டைச் சொன்னவராம், வாசிக்கவேண்டாமெண்டு."

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். "உதென்ன கதை அன்ரி, நேற்றுக்கூட எனக்கு மெசேஜ் போட்டவர்" என்றேன். அது உண்மை. நேற்று அவர் அனுப்பியிருந்தது ஒரு படம். வேலைத்தலத்தில் யாரோ மின்மாற்றியின் மேல் காயப்போட்டிருந்த சாரம்.

சைக்கிள்கள் விடும் கொட்டகையின் பின்னால் போய் அவருக்கு அழைப்பு எடுத்தேன். நாங்கள் இருவரும் தொழில்நுட்பக் கல்லூரியில் ஒரே வகுப்பு. ஐந்து வருடப் பழக்கம். இரண்டு வீட்டுக்கும் தெரிந்து, சம்மதித்து, நாள் குறித்த கலியாணம்.

"உங்கடை கோயில்ல ஓலை வாசிக்கேல்லயாம்" என்றேன்.

மறுமுனையில் மோட்டார் சைக்கிள் ஒன்று போகும் சத்தம் மட்டும் கேட்டது.

"கேக்குதோ?"

"ஓம்."

"ஏன் வாசிக்கேல்ல?"

"நான்தான் நிப்பாட்டச் சொன்னனான். உமக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்ல."

"எப்ப நிப்பாட்டினீர்?"

"முதல் ஓலை வாசிச்ச அண்டைக்கு. பின்னேரம்."

"முதல் ஓலை வாசிச்சு ரெண்டு கிழமை."

"ஓம்."

"வேற ஆரும் இருக்கினமோ?"

"ஐயோ, ஒருத்தரும் இல்லை. சத்தியமா இல்லை. உம்மிலையும் ஒரு பிழையும் இல்லை. அண்டைக்குக் கோயில்ல பேர் வாசிக்கேக்கை எனக்குப் பயந்து போச்சு. அவ்வளவுதான். உங்கடை மூப்பர் சொல்லுவார் எண்டு நினைச்சன்."

இதை எழுதும்போதும் அந்தக் கடைசி வசனத்தில் கை நிற்கிறது. உங்கடை மூப்பர் சொல்லுவார் எண்டு நினைச்சன்.

அன்று மாலையே மூப்பர் எங்கள் வீட்டுக்கு வந்தார். படலையிலேயே தொப்பியைக் கழற்றிவிட்டார். நடந்தது இதுதான். அவருடைய பழக்கம், மூன்று ஞாயிறுக்கும் வேண்டிய ஓலைகளை ஒரே தாளில் எழுதிவைத்து, வாரா வாரம் ஒரு வரி கீழே இறங்கி வாசிப்பது. மற்றப் பங்கிலிருந்து நிறுத்தச் சொல்லிக் கடிதம் அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் வந்திருக்கிறது. எங்கள் பங்குத்தந்தை அப்போது தீவுப்பக்கம் தியானம் நடத்தப் போயிருந்தார், ஞாயிறு பூசைக்கு வந்தது வேறு சுவாமி. சுவாமியின் கடிதத்தைத் தான் உடைக்கக்கூடாது என்று மூப்பர் அதைப் பத்திரமாக அந்தத் தாளுக்குக் கீழேயே வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கடிதத்தின் மேல் தாளை வைத்து, ஒரு வரி இறங்கி வாசித்திருக்கிறார்.

"என்ரை பிழை, பிள்ளை."

"நீங்கள் என்ன செய்வியள்? உங்களுக்குத் தெரியாதுதானே."

"கையுக்குள்ளை கிடந்தது. என்ரை கையுக்குள்ளை கிடந்தது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில் அவரை நான்தான் தேற்றி அனுப்பவேண்டி வந்தது.

அம்மா குசினிக்குள் நின்று வாய்விட்டு அழுதா. அப்பா வெளியே போய், ஏற்கெனவே மடித்திருந்த வலையை விரித்து மறுபடியும் மடித்தார். அப்பா கடலுக்குப் போகிறவர், கதை குறைவு.

நான் அறைக்குள் இருந்து அந்த இரண்டு வாரத்தில் மாப்பிள்ளை எனக்கு அனுப்பியவற்றை ஒரு தாளில் எழுதினேன். என் வேலை அப்படிப் பழக்கியிருக்கிறது. வைத்தியசாலைகளின் மருத்துவக் கருவிகளைத் திருத்தும் பிரிவில் நான் ஒரு தொழில்நுட்பவியலாளர். கருவி நின்றுபோனால், நிற்குமுன் அது என்னென்ன செய்தது என்று முதலில் எழுதவேண்டும்.

சாப்பிட்டீரோ, பதினொரு தடவை. கூறைச் சாறியின் கரை எந்த நிறம், ஒரு தடவை. அது இரண்டாம் ஓலை வாசித்த அன்று. மழை பெய்கிறதா. ஒரு பல்லி செத்துக் கிடந்த மின் உருகிப் பெட்டியின் படம். அந்தச் சாரம். கவனமா வண்டி ஓடும்.

எத்தனை தடவை பார்த்தாலும் அதற்குள் ஒரு அறிகுறியும் இல்லை. எங்கள் வேலை அட்டைகளில் 'பிழை காணப்படவில்லை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் சரி போடுவது எனக்குப் பிடிக்காத வேலை. அப்படி அனுப்பிய கருவி நோயாளி படுத்திருக்கும்போதுதான் மறுபடியும் நிற்கும்.

அடுத்த ஞாயிறும் பூசைக்குப் போனேன். "வேற கோயிலுக்குப் போவமே பிள்ளை, ரவுணுக்குப் போவம்" என்று அம்மா கெஞ்சினா. ஏன் போகவேண்டும் என்று எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை. கலியாணம் நின்றதால் ரத்துச் செய்யவேண்டியவை என்று நான் எழுதிய பட்டியலில் மண்டபம், கதிரை, கேக், அழைப்பிதழ் எல்லாம் இருந்தன. பாட்டு இருக்கவில்லை. பதினான்கு வயதிலிருந்து நான் நிற்கும் இடம் அது.

அன்றைக்கு வருகைப் பாடலாக இருந்த அதே மாதா பாட்டுக்கு ஓர்கன் தொடங்கியது. நான் மூச்சை எடுத்தேன். முதல் வரியின் முதல் மூன்று சொற்கள் வந்தன. நாலாவது சொல் மேலே ஏறவேண்டிய இடம். அங்கே தொண்டை பூட்டிக்கொண்டது. அழுகை வரவில்லை, இருமல் வரவில்லை, கண் கலங்கக்கூட இல்லை. மின்சாரம் நின்றதுபோல் நின்றுவிட்டது. ஓர்கன் தனியே போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால் நின்ற அன்ரி பாய்ந்து பிடித்துப் பாட்டைக் கொண்டுபோனார். நான் வாயைத் திறந்தபடி நின்றேன். பூசை முழுவதும் அந்தச் சத்தம் வரவேயில்லை.

அடுத்த ஞாயிறும் அப்படியே. மூன்றாம் ஞாயிறு, அதாவது கலியாணம் நடந்திருக்கவேண்டிய வாரம், குழுவை நடத்தும் ரீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"கொஞ்ச நாளைக்குப் பின்னுக்கு நில்லனம்மா. உன்ரை நன்மைக்குத்தான்."

"தொண்டை சரி வந்திடும் ரீச்சர்."

"தொண்டைக்காக மட்டும் சொல்லேல்லயடி." ரீச்சர் பாட்டுப் புத்தகங்களை அடுக்கியபடி கதைத்தார். "அடுத்த சனி ஒரு கலியாணப் பூசை கிடக்கெல்லே. பொம்பிளையின்ரை தாய் வந்து கேட்டவ. ஓலை நிண்ட பிள்ளையை முன்னுக்கு விட்டுப் பாடவேண்டாமாம். நானும் பேசித்தான் அனுப்பினனான், உதெல்லாம் எங்கடை வேதத்திலை இல்லையெண்டு. ஆனா தாய்மனுசி அழுதுகொண்டு நிக்குது, நான் என்ன செய்ய?"

அந்தத் தாயை எனக்குத் தெரியும். அவவுடைய மூத்த மகளின் கலியாணத்திலும் பாடியது நான்தான். மூன்று வாரத்துக்கு முன்னர் முன்வாங்கிலிருந்து திரும்பிச் சிரித்தவர்களில் அவவும் ஒருவர். ஓலை நின்ற பிள்ளை. எனக்கு ஒரு பெயர் வைத்தாகிவிட்டது என்று அப்போதுதான் அறிந்தேன்.

பின்வரிசைக்குப் போனேன். அங்கிருந்து பார்த்தால் ஒலிவாங்கியின் முதுகும், அதில் நான் ஒருகாலத்தில் சுற்றிய கறுப்பு நாடாவும் தெரியும். அந்த இடம் எனக்கு வேண்டும் என்று அன்றைக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவர் திரும்பி வரவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதுவும் எனக்கு ஒரு அதிர்ச்சிதான். ஐந்து வருடத்தை மூன்று வாரத்தில் விட்டுவிட முடிந்தது, பத்து அடி தூரத்திலிருந்த ஒரு ஒலிவாங்கியை விட முடியவில்லை.

அதற்கடுத்த வாரம் வட்டுக்கோட்டைக்கு அப்பால் ஒரு சிறிய வைத்தியசாலையின் எக்ஸ்ரே இயந்திரத்துக்கு உதிரிப்பாகம் மாற்றும் வேலை வந்தது. மாற்றியபின் இயந்திரத்தை உடனே பாவிக்கமுடியாது. குறைந்த அளவில் ஒரு படம், ஆறவிட ஐந்து நிமிடம், கொஞ்சம் கூட்டி இன்னொரு படம், மறுபடி ஐந்து நிமிடம் என்று பழக்கவேண்டும். ஈயத்தகடு பொருத்திய கதவைச் சாத்திக்கொண்டு, தடுப்புக்குப் பின்னால் தனியே இருக்கவேண்டிய வேலை.

அந்த ஐந்து நிமிடங்களில் ஒன்றில்தான் பாட்டைச் சோதித்துப் பார்த்தேன். பிழை தேடும் ஒழுங்கு ஒன்று எங்களுக்குக் கற்பித்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றாதே, ஒன்றை மாற்று, பார், பழையபடி வை, அடுத்ததை மாற்று. முதலில் மூச்சு. ஆழ எடுத்துப் பாடினேன், நாலாம் சொல்லில் நின்றது. நிற்பதற்குப் பதிலாக இருந்து பாடினேன், நின்றது. சொற்களை விட்டு மெட்டை மட்டும் பாடினேன், அதே இடத்தில் நின்றது. அப்படியென்றால் சொல்லில் பிழையில்லை. மிச்சம் இருந்தது சுருதி.

கைத்தொலைபேசியில் சுருதி காட்டும் செயலியைத் திறந்து வைத்துவிட்டு, எந்த எண்ணமும் இல்லாமல் வாயில் வந்த இடத்தில் தொடங்கினேன். நாலாம் சொல் வந்தது. ஐந்தாவதும் வந்தது. பாட்டு தன்பாட்டில் போனது. திரையைப் பார்த்தேன். நாங்கள் கோயிலில் பாடும் சுருதியிலிருந்து நாலு படி கீழே காட்டியது.

செயலி பிழை என்று நினைத்தேன். மறுபடி செய்தேன். நாலு படி.

அப்போதுதான் நினைவு வந்தது. நாங்கள் பழகத் தொடங்கிய வருடம் அவர் எங்கள் நத்தார் கரோலுக்கு ஓர்கன் வாசிக்க வந்தார். "உம்மடை குரல் மேலை போனாத்தான் வடிவு" என்று சொல்லி, ஓர்கனில் சுருதி உயர்த்தும் பொத்தானை அழுத்தி, நாலு படி ஏற்றிவைத்தார். ரீச்சருக்கும் அது பிடித்துப்போனது. அதன்பிறகு அந்தப் பொத்தானை ஒருவரும் தொடவில்லை. நான் ஐந்து வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் எட்டிப் பிடித்துப் பாடியிருக்கிறேன், எட்டிப் பிடிக்கிறேன் என்று தெரியாமல். என் குரல் இருந்த இடத்தை நான் ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை. ஊரிலுள்ள கருவிகளையெல்லாம் அளக்கிறவள் நான்.

அடுத்த ஐந்து நிமிடத்திலும் பாடினேன். அதற்கடுத்த ஐந்து நிமிடத்திலும். கதவில் யாரோ தட்டினார்கள். திறந்தபோது அங்கே எக்ஸ்ரே படம் எடுக்கும் தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் தள்ளுநாற்காலியில் ஒரு வயோதிபர், நெற்றி நிறையத் திருநீறு, மட்டை வைத்துக் கட்டிய கால்.

"உள்ளுக்குப் பாட்டுப் போட்டுத்தானோ படம் எடுக்கிறனீங்கள்?" என்றார் வயோதிபர்.

"இல்லை அப்பு, உவ மிஷின் திருத்த வந்தவ" என்றார் அந்தத் தம்பி.

"திருத்த வந்தவ எண்டால் ஏன் மாதா பாட்டு? மிஷின் சாகக் கிடக்கோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை வாரத்துக்குப் பிறகு என்று கணக்குப் பார்க்கவில்லை. "மன்னியுங்கோ அப்பு, இன்னும் ஒரு படம்தான், முடிஞ்சிது" என்றேன்.

"முடிச்சுப் போட்டு வாங்கோ. பாட்டைச் சொன்னனான். நாங்கள் சைவக்காரர், ஆனா பாதியிலை விட்டாத் தலைக்குள்ளை நிண்டு சுத்தும். எனக்கொரு அவசரமுமில்லை, கால் முறிஞ்சுதானே கிடக்கு."

கதவைச் சாத்திவிட்டு, கடைசி ஆறவிடும் நேரத்தில் பாட்டை முழுவதுமாகப் பாடினேன். வேலை அட்டையில் 'இயங்கு நிலையில் கையளிக்கப்பட்டது' என்று எழுதி ஒப்பம் வைத்தேன்.

அன்றிலிருந்து எங்கெங்கே கதவு சாத்தக்கூடிய அறை கிடைத்ததோ அங்கெல்லாம் பாடினேன். ஒட்சிசன் சிலிண்டர் அறை. பழைய கருவிகள் குவித்த களஞ்சியம். குரல் வந்துவிட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பின்வரிசையில்தான் நின்றேன். ரீச்சரிடம் போய்க் கேட்க வாய் வரவில்லை. கோயிலில் இன்னும் பாதிப் பேருக்கு விடயம் தெரியாது. தெரிந்தவர்கள் நான் வந்தவுடன் கதையை நிறுத்தினார்கள். தெரியாதவர்கள் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள். எது மோசம் என்று சொல்லமுடியாது.

ஒருநாள் காங்கேசன்துறைப் பக்கம் வேலைக்குப் போய்விட்டுத் தேநீர் குடிக்க ஒரு கடையில் நிறுத்தினேன். எங்கள் பங்கிலிருந்து அங்கே வாழ்க்கைப்பட்டுப் போன அக்கா ஒருவர் அடையாளம் கண்டுகொண்டார்.

"அட, புதுப்பொம்பிளை! உன்ரை மூண்டாம் ஓலையண்டைக்கு நான் அங்கைதான் நிண்டனான். எப்பிடி, மாப்பிள்ளை வடிவாச் சமைச்சுத் தாறாரோ?"

"ஓம் அக்கா" என்றேன். "சுகமா இருக்கிறார்."

"கறுத்துப் போனாய். திரியிற வேலையை விட்டிட்டு வீட்டிலை இருக்கப்போறனெண்டு சொல்லு அவருக்கு."

"சொல்லுறன் அக்கா."

தேநீரைக் குடித்து முடித்து, தலைக்கவசத்தைப் போட்டு, ஸ்கூட்டியை எடுத்துக் கொஞ்சத் தூரம் வந்தபிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. இல்லாத மாப்பிள்ளைக்கு நான் ஒரு சுகச்செய்தி சொல்லியிருக்கிறேன். ஒரு தயக்கமும் இல்லாமல், சிரித்த முகத்தோடு. வண்டியை ஓரத்தில் நிறுத்தினேன். அவர் இரண்டு வாரம் எனக்குச் செய்ததை இப்போது நான் ஊருக்குச் செய்துகொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் போகாமல் நேரே கோயிலை ஒட்டிச் சுவாமி இருக்கும் அறைவீட்டுக்குப் போனேன். பங்குத்தந்தையும் மூப்பரும் திருநாள் வேலைகள் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"சுவாமி, என்ரை ஓலையை மூண்டு தரம் வாசிச்சியள். நாலாந் தரம் ஒருக்கா வாசிக்கவேணும்."

மூப்பர் எழும்பிவிட்டார். "ஐயோ பிள்ளை!"

"என்னெண்டு வாசிக்கிறது?" என்றார் சுவாமி.

நான் தாளை நீட்டினேன். வாசலில் நின்றே எழுதியிருந்தேன். மூன்று வசனம். இன்னாருக்கும் இன்னாருக்கும் இங்கே மூன்று முறை ஓலை வாசிக்கப்பட்டது. இந்தக் கலியாணம் நடைபெறாது. இருவருக்கும் இதில் எந்தத் தடையும் குற்றமும் இருந்ததாக அறிவிக்கப்படவில்லை.

சுவாமி இரண்டு தடவை வாசித்தார். "அப்பிடி ஒரு வழக்கம் இல்லை மகள். நிண்ட ஓலையை நாங்கள் வாசிக்கிறேல்ல. சும்மா விட்டா ஒரு வருசத்திலை சனம் மறந்திடும்."

"மறக்கினமில்லை சுவாமி. பாதிப் பேர் வாழ்த்தினம், மற்றப் பாதி பின்னுக்கு நிக்கச் சொல்லினம். நான் ரெண்டு பேரிட்டையும் பொய் சொல்லிக்கொண்டு திரியிறன்."

"அவர்டை பேரும் வருகுதே. அவர் சம்மதிக்கவேணும்."

அங்கேயே அவருக்கு அழைப்பு எடுத்தேன். சைக்கிள் கொட்டகைக்குப் பிறகு முதல் தடவை. அவருடைய 'ஹலோ' மிகவும் பழக்கமாக இருந்தது, அது என்னை ஒருகணம் தடுமாற வைத்தது. விடயத்தைச் சொன்னேன்.

"ஏன் இப்பிடிச் செய்யிறீர்? எல்லாரும் கதைப்பினம்."

"நீர் உம்மடை கோயில்ல நிப்பாட்டினீர். நான் என்ரை கோயில்ல நிப்பாட்டுறன். சம்மதமோ, இல்லையோ?"

"சரி" என்றார்.

சுவாமி தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "ஞாயிறு ரெண்டாம் பூசை" என்றார். மூப்பர் மட்டும், "நான் வாசிக்கமாட்டன் சுவாமி, வாசிச்சுப் பட்டது காணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

வீட்டில் சொன்னபோது அம்மா சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டா. "உனக்கு விசரோ? மூடிக்கிடக்கிறதை நீயே திறக்கிறியோ? இனி ஆர் உன்னைக் கேட்டு வருவினம்?" என்று கத்தினா. அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டு, "எத்தினையாம் பூசை?" என்று மட்டும் கேட்டார்.

அந்த ஞாயிறு பூசைக்கு அரைமணி முன்னரே போய் ரீச்சரிடம், "கடைசிப் பாட்டு நான் எடுக்கிறன் ரீச்சர்" என்றேன். சுவாமி அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருக்கவேண்டும், மறுக்கவில்லை. ஓர்கனில் நான் சுருதியைக் குறைப்பதைப் பார்த்ததும்தான் பதறினார்.

"நாலு படியோ? செத்தவீட்டுப் பாட்டு மாதிரி இருக்குமடி!"

"இருக்கட்டும் ரீச்சர். இதுதான் என்ரை குரல்."

சுவாமியே வாசித்தார். முதல் வசனத்தில் சனம் வழமைபோல் அசைந்து, பை தேடி, பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது வசனத்தில் கோயில் நின்றுபோனது. ஒரு பெண் "இயேசுவே" என்றார். முன்வாங்குகள் திரும்பின. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை, யாரும் கண்ணைத் தாழ்த்தவும் இல்லை. திறந்த வாயோடு பார்த்தார்கள். நானும் அவர்களைப் பார்த்தேன். இனி ஒருவரிடமும் ஒன்றும் விளக்கத் தேவையில்லை என்பது அப்போது விளங்கியது.

ஓர்கன் தொடங்கியது. மாதா பாட்டின் முதல் வரியை எடுத்தேன். நாலாம் சொல்லும் வந்தது. குரல் நான் பயந்ததைவிடத் தடிப்பாக, எக்ஸ்ரே அறையில் கேட்டதைவிடப் பெரிதாக இருந்தது. வரியை முடித்துச் சனத்துக்கு விட்டேன்.

அப்போது ஒரு சத்தம் எழுந்தது. என்னவென்று ஒருகணம் எனக்கு விளங்கவில்லை. இடப்பக்க வாங்குகளிலிருந்து, தூண்களுக்குப் பின்னாலிருந்து, வாசல்படியில் நிற்பவர்களிடமிருந்து, கனமான, கரகரத்த, ஒன்றோடொன்று சேராத சத்தம். ஆண்கள் பாடினார்கள். எங்கள் கோயிலில் ஆண்கள் பாடுவதில்லை. கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். பக்தி போதாது என்று ரீச்சரும் நானும் எத்தனையோ தடவை குறைப்பட்டிருக்கிறோம். ஐந்து வருடமாக நாங்கள் பாடிய உயரத்துக்கு அவர்களால் ஏற முடியவில்லை என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒருவரும் வாய்திறந்து சொல்லவும் இல்லை.

மூப்பர் பாடினார். சுவாமி பாடினார். வாசல்பக்கத்துத் தூணருகே அப்பா, கடலில் மற்ற வள்ளத்தைக் கூப்பிடும் அதே தொண்டையில், மெட்டுக்கு வெளியே, எல்லாருக்கும் மேலாகப் பாடிக்கொண்டிருந்தார். அப்பா பாடி நான் கேட்டதேயில்லை. அவருக்கு அந்தப் பாட்டின் சொற்கள் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

இரண்டாம் வரியை எடுக்கவேண்டிய இடத்தில் நான் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். ரீச்சர் முழங்கையால் இடித்தார். "எடடி!" என்றார்.

எடுத்தேன்.